சான்றிதழைக் கேட்பது யார்?

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசகர் வட்டத்திலிருந்து என்னை அழைத்தபோது கொடுத்த தலைப்பு ‘கணினித் துறையின் எதிர்காலம்’. அவ்வளவு பெரிய விஷயத்தைப் பேச எனக்குத் தகுதி போதாது. சென்னையில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வது பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அது தெரிந்த பெற்றோர் எங்கே பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “சார், பையன் டிகிரி முடிச்சிட்டான். ஜாவா கோர்ஸ் ஒண்ணு இருக்காம், அம்பதாயிரம் கேக்கறாங்க. கட்டலாமா?” இன்றைக்கு இதை மட்டும் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போனாலும் நஷ்டமில்லை. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில், கட்ட வேண்டாம் என்பதுதான். படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். படியுங்கள். நன்றாகப் படியுங்கள். காசு கட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை நாளைக்கு என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்பவர் யாரென்று கை காட்ட முடிந்தால் கட்டலாம். “எல்லாக் கம்பெனியும் கேக்கும் சார்” என்று கோர்ஸ் விற்கும் இடத்திலேயே பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோர் ஏன் இந்தச் சான்றிதழை இவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அவர்கள் கண்ணால் பார்த்தது அது. கணினிப் பயிற்சி நிறுவனங்களில் என்.ஐ.ஐ.டி. தொடங்கியது 1981இல், ஆப்டெக் 1986இல். தொண்ணூறுகளில் கோவில்பட்டி, கும்பகோணம் அளவிலான ஊர்களில்கூடக் கணினி மையங்கள் வந்துவிட்டன. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். கல்லூரிகளில் கணினி அரிதாக இருந்த காலம். பகலில் பி.காம். படித்தவர் மாலையில் கோபால், விஷுவல் பேசிக், டெவலப்பர் 2000 என்று படித்தார். அந்த நேரம் பார்த்து 2000ஆம் ஆண்டுச் சிக்கல் வந்து சேர்ந்தது. பழைய நிரல்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்ததால், 99 முடிந்து 00 வந்ததும் வங்கிக் கணக்கெல்லாம் குழம்பிவிடும் என்ற அச்சம். அதைத் திருத்தக் கோபால் தெரிந்த ஆட்களை அமெரிக்கா அள்ளிக்கொண்டு போனது. அத்தை மகனோ எதிர்வீட்டு அண்ணனோ ஆறு மாதக் கோர்ஸ் முடித்து விமானம் ஏறியதை ஊரே பார்த்தது. அடுத்த ஆண்டே சரிவு வந்து, புற்றீசல் போல் முளைத்த மையங்களில் பாதி காணாமல் போனதை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருந்தது. கணினியைத் தொட்டவரே குறைவு என்பதால், இவர் தொட்டிருக்கிறார் என்று சொல்லும் காகிதம் தேவைப்பட்டது. இன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியல் படிக்கும் பிள்ளையும் முதலாண்டில் பைத்தான் படிக்கிறது. 2017 பாடத்திட்டத்திலேயே அது எல்லாப் பிரிவினருக்கும் பாடமாகிவிட்டது. ‘இவருக்குப் பைத்தான் தெரியும்’ என்ற காகிதம் எல்லோர் கையிலும் இருந்தால், அதைக் காட்டி யாரும் யாரையும் முந்த முடியாது.

சரி, விலைக்கு வருவோம். கட்டணம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அது 8,100. ஆகமொத்தம் 53,100. நம் ஊரில் இருந்துகொண்டு படிக்க முடியாது, சென்னைக்குப் போக வேண்டும். வேளச்சேரியிலோ வடபழனியிலோ நாலு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 7,500 என்று குறைத்தே போடுவோம். நாலு மாதத்துக்கு 30,000. இதுவரை 83,100. இந்த நாலு மாதம் பிள்ளை உள்ளூரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் 12,000 ரூபாய்க்கு வேலை பார்த்திருந்தால் வந்திருக்கக்கூடிய 48,000 வரவில்லை. அதையும் சேர்த்தால் 1,31,100. கோர்ஸ் முடிந்த மறுநாளே வேலை கிடைப்பதில்லை. இன்டர்வியூவுக்கு அலையும் மாதங்களுக்கும் அதே கட்டில் வாடகை, அதே சாப்பாடு. 45,000 என்று சொன்ன பொருளின் அடக்க விலை ஒன்றரை லட்சத்தைத் தொடுகிறது. இதைப் பயிற்சி மையக்காரரின் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அவர் கட்டணத்தைத்தான் சொன்னார். மீதியைக் கூட்டிப் பார்ப்பது நம் வேலை.

வரவு என்ன? பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல காலமாக நின்றுபோயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தது, நாடு முழுக்கக் கேலி பேசினார்கள். மாதம் 21,000. கேலி பேசியவர்களுக்கு வேலை இருந்தது, விண்ணப்பித்தவர்களுக்கு இல்லை, அது வேறு கதை. இந்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் ஏழெட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றுதான் கணக்கு வரும். மையத்தில் உங்களிடம் காட்டுவதும் இந்தக் கணக்கைத்தான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வேலை கோர்ஸால் கிடைத்ததா, கோர்ஸ் இல்லாமலும் கிடைத்திருக்குமா? வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, வேலை கிடைத்த பிள்ளைகளின் படத்தைப் போடுகிறார்கள். ஒரே பெண்ணின் படத்தை ஒரே தெருவில் இரண்டு மையங்களின் பேனரில் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. மூன்றாவது மையத்தில் சேர்ந்திருந்தாலும், எங்கேயும் சேராமல் இருந்திருந்தாலும் வேலை வாங்கியிருப்பாள். பேனரில் படம் வராதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதை எந்தப் பேனரும் சொல்லாது.

இனி மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், அதில் எந்த எழுத்து அதிக முறை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலை எழுத வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், காகிதம் போதும். ஒரு தம்பி வந்தார். பிளாஸ்டிக் ஃபைலில் உறை உறையாகச் சான்றிதழ்கள். ஜாவா, பைத்தான், ஃபுல் ஸ்டாக், டேட்டா சயின்ஸ், அப்புறம் இரண்டு நாள் பயிலரங்குகள். காகிதத்தை வாங்கி மேலே வர வேண்டிய வரிகளைப் பிழையில்லாமல் எழுதினார். கிளாஸ் பெயர், மெயின் வரி, அடைப்புக்குறிகள் எல்லாம் அச்சு மாதிரி. அதற்குக் கீழே பேனா நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சார், இது எங்க கோர்ஸ்ல வரல” என்றார். பாவமாக இருந்தது. அவர் சோம்பேறி இல்லை. எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதவே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அதே கேள்விக்கு பி.எஸ்சி. கணிதம் படித்த ஒரு பெண் பேனாவை எடுப்பதற்கு முன் என்னைக் கேட்டாள். “இடைவெளியையும் ஒரு எழுத்தா எண்ணணுமா சார்? ஏ-வைப் பெரிசா எழுதினா வேறயா, ஒண்ணுதானா? ரெண்டு எழுத்து சமமா வந்தா எதைச் சொல்லணும்?” எனக்கு அப்போதே பாதி திருப்தி. அவள் எழுதியதில் ஓரிடத்தில் எண்ணிக்கை ஒன்று தள்ளிப் போயிருந்தது. தப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். காகிதத்தின் ஓரத்தில் ‘பனானா’ என்று ஆங்கிலத்தில் எழுதி, வரி வரியாக விரல் வைத்து நடந்து பார்த்து, தானே திருத்திவிட்டாள். அவளிடம் சான்றிதழ் உண்டா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. சான்றிதழ் வைத்திருந்தவர்களில் மிக நல்ல பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அவர்களிடமும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நேர்காணல் அறைக்கு வருவதற்கு முந்தைய சல்லடையைச் சொல்ல வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் எல்லாவற்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அந்தச் சல்லடையில் விழுந்தவரை எந்தத் தனியார் சான்றிதழும் தூக்கிவிடாது. ஐம்பத்தெட்டு சதவீதம் வாங்கிய பிள்ளையிடம், “இந்தக் கோர்ஸ் முடிச்சா சதவீதம் பாக்க மாட்டாங்க” என்று சொல்லிப் பணம் வாங்குவதை நான் மன்னிக்க மாட்டேன்.

சரி, கேட்கப்படும் சான்றிதழ் எது? முதலில் அரசு. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் வேலையில் சேர்ந்தவர் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிவிட வேண்டும். விதியில் எழுதியிருக்கிறது. நிரல் எழுதும் திறமைக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை, ஆனால் கேட்பவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கட்டும் அந்தச் சிறு தொகை, நான் அறிந்தவரை இந்தத் துறையில் மிக உறுதியான முதலீடு. மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் ‘ஓ’ நிலைத் தேர்வும் இந்த வகைதான். முன்பு டோயக் என்று பெயர். அதில் பைத்தான் ஒரு தாள். மையத்தில் சேராமல் தனியாகப் படித்தும் எழுதலாம். எந்த வேலைக்கு அதைக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிவிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் கிளவுட் சான்றிதழ்களுக்கு நிறுவனங்களுக்குள் உண்மையான கிராக்கி இருக்கிறது. சான்றிதழ் பெற்ற ஊழியர் எத்தனை பேர் என்பதையும் வைத்துத்தான் அமேசான் தன் கூட்டாளி நிறுவனங்களைத் தரம் பிரிக்கிறது. ஆகவே உங்கள் சான்றிதழ் உங்களைவிட உங்கள் கம்பெனிக்குத்தான் அதிகம் தேவை. அப்படியானால் கட்டணத்தைக் கம்பெனியே கட்டட்டும். பல கம்பெனிகள் கட்டவும் செய்கின்றன, கேட்டுப் பாருங்கள். ஒன்றை மனத்தில் வையுங்கள்: அமேசான் சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டு. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வுக்கும் மூன்று ஆண்டுதான். ஒரு காலத்தில் எம்.சி.எஸ்.இ. என்றால் வீட்டு வாசலில் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்வார்கள். 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அந்தத் தேர்வையே மூடிவிட்டது. சட்டம் போட்டு மாட்டினால் சட்டம் மட்டும் நிற்கும்.

மூன்றாவதாக நான் மதிப்பது, நேரில் உட்காரவைத்துத் தேர்வு நடத்தித் தருவதை. என்.பி.டி.இ.எல். அப்படிப்பட்டது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் தரும் வீட்டுவேலைக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. இரண்டையும் தனித்தனியாகச் சான்றிதழிலேயே அச்சிடுகிறார்கள். வீட்டுவேலையில் 24, தேர்வில் 31 என்று இருந்தால், வீட்டுவேலையை யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்! சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடத்தைப் பல பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். பாதியில் விட்டவர்கள் அதிகம். முடித்தவர்கள் நேர்காணலில் தடுமாறவில்லை. ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் சி மொழிப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடமும் காசில்லாமல் கிடைக்கிறது. கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. அதில் கட்டணமே இல்லை. அந்த வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அதே பாடத்துக்கு வெளியே 40,000 கட்டுகிறவர்களை என்ன சொல்ல?

ஸோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ஆனாலும் ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய நிரலாளரை உருவாக்கத் தானே செலவு செய்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். செலவு செய்பவருக்கு அந்தப் பிள்ளை தேறியே ஆக வேண்டும். உங்களிடம் கட்டணம் வாங்கியவருக்கு அந்தக் கவலை முதல் தவணையோடு பாதி தீர்ந்துவிடுகிறது.

தவணை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். “நோ காஸ்ட் இ.எம்.ஐ., இங்கேயே போட்டுக்கலாம், ஆதார் மட்டும் குடுங்க” என்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவது பயிற்சி மையத்திடம் அல்ல, ஒரு நிதி நிறுவனத்திடம். அவர்கள் மொத்தப் பணத்தையும் மையத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மையத்துக்குப் பூட்டுப் போட்டாலும், வாத்தியார் பாதியில் நின்றுவிட்டாலும், தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு உண்மையான கல்விக்கடன் கேட்கும்போது இடிக்கும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் முதல் கடன் நாலு மாத ஜாவாவுக்காக இருக்க வேண்டாம்.

இதைவிடக் கெட்டது இன்னொன்று. கோர்ஸ் முடிந்தும் வேலை கிடைக்காத பிள்ளையிடம், “மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்” என்று பேரம் பேசும் இடங்கள் உண்டு. போலி நியமன ஆணை, போலிச் சம்பளச் சீட்டு. வேலையில் சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். வருங்கால வைப்புநிதியின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை வேலை பார்த்தார் என்பது திரையில் வந்துவிடும். மூன்று ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு மாதமும் பி.எஃப். பிடிக்கவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யோசனை சொன்னவர் அங்கே இருக்க மாட்டார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, நாலு மாதக் கோர்ஸில் சொல்லித்தரும் அளவு நிரலை இயந்திரமே நொடியில் எழுதித் தருகிறது. அதற்காக நிரல் கற்பதே வீண் என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. அது எழுதியதைப் படித்து, எங்கே தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும். பனானாவில் விரல் வைத்து நடந்த அந்தப் பெண்ணின் வேலை அது. அதைச் சொல்லித்தருகிறீர்களா என்று மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி மையங்களே வேண்டாமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வீட்டில் லேப்டாப் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது, பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அது குறையில்லை. அப்படிப்பட்டவருக்கு நல்ல வாத்தியார் கிடைத்தால் பணம் தகும். அப்போது வாத்தியாரைப் பார்த்துச் சேருங்கள். வரவேற்பறையில் பேசுகிறவர் கமிஷனுக்கு ஆள் சேர்ப்பவர். பாடம் நடத்துகிறவர் யார், முன்பு எங்கே வேலை பார்த்தார், அவர் வகுப்பில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். போன குழுவில் படித்த நாலு பேரின் கைபேசி எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, வாங்கிப் பேசுங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்று இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் வேலை விளம்பரங்களை அனுப்புவார்கள் என்று பொருள். அதற்கு மேல் எதையும் அது தராது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பார்க்கப் போன அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். “இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆஃபர், ரெண்டே சீட்” என்றால் இன்னும் நிச்சயமாகக் கட்டாதீர்கள். பயிற்சி மையங்கள் இப்படி அவசரப்படுத்துவதையும், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்வதையும் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. விளம்பரத் துண்டுச்சீட்டையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.